விண்ணப்பமும் தர்க்காஸ்தும்: சேரி ஜெபத்தின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

தமிழ்க் கிறிஸ்தவர்கள் கடவுளிடம் பேசுவதற்கு வைத்திருக்கும் சொற்கள் பல. சீர்திருத்தச் சபைக்காரர்கள் 'ஜெபம்' என்பார்கள், கத்தோலிக்கர்கள் 'செபம்' என்றும் 'மன்றாட்டு' என்றும் சொல்வார்கள். இவற்றோடு இரு தரப்பிலும் புழங்கும் இன்னொரு சொல் 'விண்ணப்பம்'. இந்தச் சொல்லை மட்டும் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியிருக்கிறது. ஜெபம் என்பது திரும்பத் திரும்ப உச்சரித்தல் என்ற வேரிலிருந்து வந்தது. விண்ணப்பம் அப்படியல்ல. அது அரசனிடம் வைக்கும் முறையீடு. பல்லவர் செப்பேடுகளில் 'ஆணத்தி' யார், 'விண்ணப்பம்' யார் என்று பெயர் குறித்திருப்பார்கள். பிரமதேயத்துக்கு நிலம் கேட்டு அரசன் முன்னால் நின்று வாய் திறக்கத் தகுதி பெற்றவன் அந்த 'விண்ணப்பம்'. அவன் சிற்றரசனாகவோ அதிகாரியாகவோ இருப்பான். நம் ஆட்களின் பெயர் அந்த வரியில் இல்லை. நாம் வேறொரு இடத்தில் வருகிறோம். ராஜராஜனின் தஞ்சைக் கல்வெட்டுகளில் வரி நீக்கிய நிலங்களைக் கணக்கெடுக்கும்போது ஊர்நத்தம், குளம், சுடுகாடு என்று அடுக்கி அதற்கிடையில் பறைச்சேரி என்றும் தீண்டாச்சேரி என்றும் எழுதியிருக்கிறது. கேட்கிறவனாக அல்ல, கணக்கில் கழிக்கிற இடமாக.

ஆகவே, சேரியில் ஒரு கிழவி பொழுது சாய்ந்ததும் சிம்னி விளக்கை ஏற்றி வைத்து, மண்தரையில் முழங்கால் போட்டு, 'ஆண்டவரே, என் விண்ணப்பத்தைக் கேளும்' என்று ஆரம்பிக்கிறாள் என்றால், அதை வெறும் பக்தி என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆயிரம் வருடமாக எந்தச் சபையிலும் விண்ணப்பம் வைக்க உரிமை இல்லாதிருந்த ஒரு சாதி, பேரரசர்களுக்கெல்லாம் மேலான ஒரு நீதிமன்றத்தில் நேரடியாக, இடைத்தரகன் இல்லாமல், தன் சொந்த வாயால் வழக்கு வைக்கத் தொடங்கிய கதை அது. அந்தக் கதை இன்னும் சரியாக எழுதப்படவில்லை. மிஷனரிகள் எழுதியதில் அவர்களுடைய கதைதான் இருக்கிறது. பகுத்தறிவுத் தோழர்கள் எழுதியதில் 'சோற்றுக்கு மதம் மாறியவர்கள்' என்ற ஒற்றை வரிதான் இருக்கிறது.

மயிலாடியிலிருந்து தொடங்கலாம். கன்னியாகுமரிக்கு அருகில், அன்றைய திருவிதாங்கூரில் இருந்த மயிலாடியில் மகாராசன் என்றொருவர் இருந்தார், சாம்பவர் சமூகத்தவர். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சிதம்பரத்துக்கு யாத்திரை கிளம்புகிறார். சிதம்பரத்தில் அவர் சாதிக்குக் கதவு எவ்வளவு தூரம் திறக்கும் என்பது நந்தன் கதை தெரிந்த நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வழியில் தஞ்சாவூரில் கோலாஃப் என்ற பாதிரியாரின் பிரசங்கத்தைக் கேட்கிறார். ஞானஸ்நானம் பெற்று வேதமாணிக்கம் என்ற பெயரோடு ஊர் திரும்புகிறார். இதற்குப் பிறகு நடந்ததுதான் நமக்கு முக்கியம். ஊரில் போதகர் இல்லை, ஆலயம் இல்லை. தன் வீட்டிலேயே சொந்தக்காரர்களைக் கூட்டி வைத்து ஜெபம் நடத்துகிறார். ஆள் அனுப்புங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஆள் வரவில்லை. கடைசியில் தரங்கம்பாடிக்கே நடந்து போய், லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபேயைக் கண்டு பேசுகிறார். 1806 ஏப்ரலில் ரிங்கல்தௌபே மயிலாடிக்கு வருகிறார். 1809இல் அங்கே ஆலயம் எழும்புகிறது.

தென் திருவிதாங்கூர்ச் சபையின் வரலாற்றை எழுதியவர்கள் வழக்கமாக ரிங்கல்தௌபேயின் வருகையிலிருந்தே தொடங்குவார்கள். ஜெர்மானியர், விசித்திரமான மனிதர், கிழிந்த துணியோடு அலைந்தவர் என்று அவரைப் பற்றிக் கதைகள் நிறைய. ஆனால் அவரை அழைத்து வந்தது யார்? ஒரு சாம்பவன் வருடக்கணக்கில் வீட்டில் உட்கார்ந்து ஜெபித்த எதிர்பார்ப்பும், தரங்கம்பாடி வரை நடந்த கால்களும்தான். 1816இல் ரிங்கல்தௌபே கிளம்பிப் போன பிறகு, 1818இல் மீட் வந்து சேரும்வரை சபையைக் கட்டிக் காத்ததும் அதே வேதமாணிக்கம்தான். ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அவருடைய ஜெபமும் நடையும் இரண்டு தனி வேலைகளாக இல்லை. கேட்டார், நடந்தார், மறுபடி கேட்டார்.

ரிங்கல்தௌபேவுக்கோ ஒரு மனக்கசப்பு கடைசிவரை தீரவில்லை. தன்னிடம் வந்த ஜனங்கள் ஆத்தும இரட்சிப்பைத் தேடி வரவில்லை, ஊழியத்திலிருந்து தப்பிக்க வந்திருக்கிறார்கள் என்று அவர் நொந்துகொண்டார். 'ஊழியம்' என்றால் இன்று சபையில் தேவ ஊழியம் என்று பொருள்படுகிறது. அன்றைய திருவிதாங்கூரில் ஊழியம் என்றால் கூலியில்லாத கட்டாய வேலை. அரசாங்கத்துக்கும் கோயிலுக்கும் சுமை சுமப்பது, இலை அறுத்துக் கொடுப்பது, கூப்பிட்ட நேரத்துக்குப் போய் நிற்பது. அதோடு தலைவரி வேறு. இதிலிருந்து எங்களை விடுவிக்க உங்கள் கடவுளால் ஆகுமா என்று ஜனங்கள் கேட்டிருக்கிறார்கள். இது எப்படி ஆன்மிகம் இல்லாமல் போகும்? எகிப்தில் செங்கல் அறுத்த ஜனம் கூக்குரலிட்டதைக் கடவுள் கேட்டார் என்று அதே பாதிரியார்தானே வாசித்துக் காட்டினார்? இஸ்ரவேலன் கேட்டால் விடுதலை, சாம்பவன் கேட்டால் உலகப்பிரகாரமான நோக்கம்! பின்னாட்களில் ஞாயிற்றுக்கிழமை ஊழியத்திலிருந்தும் கோயில் சார்ந்த ஊழியத்திலிருந்தும் கிறிஸ்தவர்களுக்கு விலக்கு கிடைத்தது. அந்த விலக்கு கிடைத்த முதல் ஞாயிற்றுக்கிழமை அந்த ஜனங்கள் எப்படி ஜெபித்திருப்பார்கள் என்பது எந்த மிஷன் அறிக்கையிலும் பதிவாகவில்லை.

இந்தச் சந்தேகம் ஒரு மனிதரோடு முடியவில்லை. 19ஆம் நூற்றாண்டு முழுக்க அது சபையின் கொள்கை மாதிரியே ஆகிவிட்டது. விசுவாசத்தோடு கேள், பெற்றுக்கொள்வாய் என்று எதிர்பார்த்துக் கேள் என்று ஒருபக்கம் போதனை. சேரிக்காரன் எதையாவது குறிப்பாக எதிர்பார்த்துக் கேட்டுவிட்டால், இவன் உண்மையான விசுவாசியா என்று மறுபக்கம் விசாரணை. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தில் ஆயிரக்கணக்கானோர் சபைக்கு வந்தபோது இந்த விசாரணை உச்சத்துக்குப் போனது. பசியோடு வந்தவன் ஜெபம் பாதி ஜெபம் என்று ஆனது. கர்த்தருடைய ஜெபத்திலேயே அன்றாட ஆகாரத்தைக் கேட்கும் வரி இருக்கிறது என்பதை யாரும் நினைத்துப் பார்த்ததாகத் தெரியவில்லை.

எங்கள் பக்கத்துக்கு, செங்கல்பட்டுச் சீமைக்கு வருகிறேன். இங்கே மிராசுதாரர்கள் வெள்ளாளரும் பார்ப்பனரும். நம் ஜனம் படியாள். நிலம் மட்டுமல்ல, குடிசை போட்ட இடமும் மிராசுதாரனுடையது என்று ஆண்டைகள் சொன்னார்கள். ஞானஸ்நானம் வாங்கினால் குடிசையைப் பிரித்துப் போடு என்பார்கள். தரிசு நிலம் வேண்டுமென்றால் சர்க்காருக்குத் 'தர்க்காஸ்து' போட வேண்டும். அந்த விண்ணப்பத்துக்கு ஒரு நடைமுறை இருந்தது. பறையன் தர்க்காஸ்து போட்டதும் ஊரில் அறிவிப்பு வரும். 'அந்த நிலம் எனக்கு வேணும்' என்று மிராசுதாரன் ஒரு வார்த்தை சொன்னால் போதும், முன்னுரிமை அவனுக்கு, பறையன் மனு தள்ளுபடி. நிலம் மறுபடி தரிசாகவே கிடக்கும். இந்த நிலையில்தான் செங்கல்பட்டில் ஸ்காட்லாந்து மிஷனின் ஆடம் ஆண்ட்ரூ, திருவள்ளூரில் வெஸ்லியன் மிஷனின் வில்லியம் கவுடி போன்றவர்கள் நிலப் பிரச்சினையைக் கையில் எடுத்தார்கள். 1891இல் செங்கல்பட்டு கலெக்டராகப் பொறுப்பிலிருந்த டிரமன்ஹேர் பறையர் நிலை பற்றிய தன் குறிப்பை எழுதினார். 1892இல் அரசாணை வந்தது. நாம் இன்று 'பஞ்சமி நிலம்' என்று சொல்வதன் வேர் அங்கே இருக்கிறது. ஆண்ட்ரூ சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்தில் மெல்ரோசாபுரம் என்ற குடியிருப்பையும் ஏற்படுத்தினார்.

மிஷனரிகளைத் தூக்கிக் கொண்டாட நான் இதைச் சொல்லவில்லை. 2014இல் வெளிவந்த ரூபா விஸ்வநாத்தின் ஆய்வு ஒன்றைத் தெளிவாகக் காட்டுகிறது: பாதிரிகளைத் தேடிப் போனது பறையர்கள்தான். எங்களுக்கு ஒரு ஆள் வேண்டும், ஆண்டை அடித்தால் கேட்கவும், மனு எழுதவும், கச்சேரிக்கு வரவும் ஒருவர் வேண்டும் என்று கூட்டமாகப் போய்க் கேட்டார்கள். பாதிரிகள் அதைத் தங்கள் ஊழியத்துக்குக் கிடைத்த பலன் என்று அறிக்கை எழுதிக்கொண்டார்கள், கூடவே இவர்கள் நோக்கம் சுத்தமில்லை என்றும் முனகினார்கள். சேரிக்காரன் பார்வையில் ஞாயிற்றுக்கிழமை வைத்த விண்ணப்பமும் திங்கட்கிழமை போட்ட தர்க்காஸ்தும் ஒன்றுக்கொன்று முரண் இல்லை. இரண்டிலும் கேட்டது ஒரே காணி நிலம்.

என் ஆயா, அப்பாவைப் பெற்றவள், இந்தச் சீமையில் படியாள் குடும்பத்தில் பிறந்தவள். எழுத்துத் தெரியாது. உபதேசியார் சொல்லச் சொல்லக் கேட்டு மனப்பாடம் பண்ணியதுதான் அவளுடைய வேதம். (எங்கள் சபைகளில் போதகரை 'ஐயர்' என்று கூப்பிடுவார்கள். சேரிக்கு வந்து சேர்ந்த ஐயர் இவர் ஒருவர்தான் என்று ஆயா சிரிப்பாள்.) அரிசி களையும்போது ஒவ்வொரு வேளையும் ஒரு கைப்பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பாள், அது காணிக்கை அரிசி. வீட்டில் அரைப்படிதான் இருக்கும், அதிலும் கைப்பிடி தப்பாது. அவளுடைய குடும்ப ஜெபம் நீளமானது. நடவுக்கூலி ஏற வேண்டும், சின்னவனுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைக்க வேண்டும், ஏரி உடையக் கூடாது, சினை மாடு நல்லபடியா கன்னு போட வேண்டும், போலீஸ் கூட்டிப் போன பையன் திரும்ப வேண்டும் என்று பெயர் சொல்லி, நாள் சொல்லிக் கேட்பாள். நடுவில் சண்டையும் போடுவாள். 'போன வாரமும் இதையேதான் கேட்டேன், உன் காதுல உழல?' என்பாள்.

கல்லூரியில் படிக்கும்போது நான் ஒருநாள், 'சாமிகிட்ட இப்பிடி லிஸ்ட் போட்டுக் கேக்கலாமா ஆயா?' என்றேன்.

'சாமிகிட்ட கேக்கறதுக்கு இன்னாடா வெக்கம்? ஆண்டைகிட்ட கேட்டாத்தான் வெக்கம். கேட்டுக்கினே இருக்கணும். கேக்கறத நிறுத்தினா நாம ஒத்துக்கினம்னு அர்த்தம்.'

லூக்கா சுவிசேஷம் 18ஆம் அதிகாரத்தில் ஒரு விதவை கதை வருகிறது. நீதி இல்லாத நியாயாதிபதியிடம் அவள் ஓயாமல் வந்து நின்று தொல்லை கொடுக்கிறாள், கடைசியில் அவன் தொல்லை தாங்காமல் நியாயம் செய்கிறான். நான் கேட்ட பிரசங்கங்களில் இந்த உவமையைப் பொறுமைக்கு உதாரணமாகத்தான் சொல்வார்கள். காத்திரு, தேவன் தம் வேளையில் செய்வார் என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த விதவை வீட்டில் காத்திருக்கவில்லை. கச்சேரி வாசலில் போய் நின்றாள். அவள் எதிர்பார்த்ததும் மனநிம்மதி அல்ல, தீர்ப்பு. ஆயாவுக்கு அந்த அதிகாரத்தைப் படிக்கத் தெரியாவிட்டாலும் அதன் பொருள் தெரிந்திருந்தது.

சரி, ஜெபிக்கும் வீட்டுக்குள்ளே என்ன நடந்தது? தரங்கம்பாடியில் 1718இல் கட்டிய புதிய எருசலேம் ஆலயத்திலேயே 'சூத்திர'க் கிறிஸ்தவர்களுக்கும் பறையர் கிறிஸ்தவர்களுக்கும் தனித்தனி இருக்கை. நற்கருணைப் பாத்திரத்தில் யார் வாய் முதலில் படுவது என்பது பெரிய பிரச்சினையாக இருந்தது. 1833இல் டேனியல் வில்சன் பேராயர் சபைக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று உத்தரவிட்டபோது தஞ்சாவூரிலும் வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் கிளர்ந்து எழுந்தார்கள். சபையை விட்டு வெளியேறியவர்களும் உண்டு. நாம் இன்றும் பாடும் கீர்த்தனைகள் பலவற்றை எழுதிய வேதநாயக சாஸ்திரியார் இதில் யார் பக்கம் நின்றார் என்பது ஞாயிறு பள்ளியில் சொல்லித் தரப்படுவதில்லை. அவர் சாதி வழக்கத்தின் பக்கம் நின்றார். 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கத்து எறையூரில், தலித் கத்தோலிக்கர்கள் தேரோட்டத்திலும் ஆலயத்திலும் சமமாக நடத்தப்பட வேண்டும் என்று கேட்டதைத் தொடர்ந்து மோதல் வெடித்து, துப்பாக்கிச் சூடு வரை போனது. ஒரே பிதாவை நோக்கி 'எங்கள்' என்று பன்மையில் ஜெபிக்கிறவர்கள்தான் எல்லோரும். அந்த 'எங்கள்' எதுவரை நீளும் என்பதில்தான் பிரச்சினை.

நம் ஜெபத்தைச் சந்தேகித்தவர்கள் பாதிரிகள் மட்டுமல்ல. 1936 டிசம்பரில் 'ஹரிஜன்' இதழில் காந்திக்கும் அமெரிக்கக் கிறிஸ்தவத் தலைவர் ஜான் மாட்டுக்கும் நடந்த உரையாடல் வெளியானது. அதில் காந்தி, ஒரு பசுவிடம் போய் சுவிசேஷம் சொல்வீர்களா என்று கேட்டு, தீண்டப்படாதவர்களில் சிலர் மதங்களை வேறுபடுத்திப் புரிந்துகொள்வதில் பசுவைவிடக் கீழே என்ற பொருளில் பேசினார். அம்பேத்கர் இந்துவாகச் சாகமாட்டேன் என்று இயோலாவில் அறிவித்து ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. ஆக, அவர் கணக்கில் தலித்தால் நம்பவும் முடியாது, நம்பிக் கேட்கவும் முடியாது. இதற்கு மூன்று வருடம் முன்பே, 1933இல், பிக்கெட் என்ற மிஷனரி வெகுஜன மதமாற்றங்களைப் பற்றிய தன் கள ஆய்வை வெளியிட்டிருந்தார். எந்தக் காரணத்துக்காக வந்தார்கள் என்பதைவிட, வந்த பிறகு கிடைத்த போதனையும் பராமரிப்பும்தான் விசுவாச வாழ்வைத் தீர்மானிக்கின்றன என்பது அவர் கண்டது. மிஷன் வட்டாரத்துக்குள்ளேயே வந்த பதில் இது. நம் எழுத்தாளர்கள் பலருக்கு இன்னும் வந்து சேரவில்லை.

இன்றைய நற்செய்திக் கூட்டங்களைப் பாருங்கள். விசா கிடைக்க வேண்டும், பதவி உயர்வு வேண்டும், அடுக்குமாடியில் வீடு வேண்டும் என்று கைகளை உயர்த்திக் கேட்கிறார்கள், கிடைத்தவர்கள் மேடையேறி சாட்சி சொல்கிறார்கள். யாரும் அவர்களை 'சோற்றுக் கிறிஸ்தவர்' என்று சொல்வதில்லை. எதிர்பார்ப்பு குற்றமாவது கேட்கிறவனின் சாதியைப் பொறுத்துத்தான் போலிருக்கிறது.

சுதந்திரத்துக்குப் பிறகு, நாம் ஜெபிப்பதே நமக்கு எதிரான சாட்சியமாக ஆனது. 1950 ஆகஸ்ட் 10ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஆணை, அதன் 3ஆம் பத்தி: இந்து அல்லாத மதத்தைப் பின்பற்றுகிற எவரும் பட்டியல் சாதியினராகக் கருதப்படமாட்டார். 1956இல் சீக்கியர்களையும் 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் இஸ்லாமியரும் வெளியே. சென்னையில் சூசை என்ற செருப்புத் தைக்கும் தொழிலாளி இருந்தார். ஆதிதிராவிடர், கிறிஸ்தவர். சாலையோரம் வெயிலில் உட்கார்ந்து செருப்புத் தைப்பவர்களுக்கு அரசு இலவசமாக பங்க் கொடுத்தது. பக்கத்தில் உட்கார்ந்து அதே வேலை செய்த இந்துத் தொழிலாளிக்குக் கிடைத்தது, சூசைக்குக் கிடைக்கவில்லை. உச்ச நீதிமன்றம்வரை போனார். 1985இல் தீர்ப்பு: மதம் மாறிய பிறகும் அதே கொடுமை அதே அளவில் தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் காட்டப்படவில்லை. அவர் கையிலிருந்த ஊசியும் தோலும் ஆதாரமாகவில்லை!

2007இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 3ஆம் பத்தியை நீக்கப் பரிந்துரைத்தது. 2022 அக்டோபரில் முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் மறுபடி ஓர் ஆணையம் போட்டார்கள். 2024 நவம்பரில் புதுச்சேரிப் பெண் ஒருவரின் சாதிச் சான்றிதழ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அவருடைய கோரிக்கையை நிராகரித்தது. அவர் முறையாக ஆலயத்துக்குப் போய் வந்தது அங்கே அவருக்கு எதிராக எடைபோடப்பட்டது. இதன் அன்றாட விளைவு என்ன என்று சேரியில் இருப்பவர்களுக்குத் தெரியும். ஞானஸ்நானப் பெயர் ஒன்று, பள்ளிச் சான்றிதழ் பெயர் ஒன்று. வி.ஏ.ஓ. விசாரணைக்கு வருகிறார் என்றால் சுவரிலிருக்கும் சிலுவையும் வசனக் காலண்டரும் பரணுக்குப் போகும். ஜன்னலைச் சாத்திக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, குடும்ப ஜெபம். ரோமாபுரியில் நிலத்தடிக் குகைகளில் ஆதிக் கிறிஸ்தவர்கள் கூடியதைப் பற்றி மேடையில் கண்ணீர் விடுகிற பேராயர்கள் இந்த ஜன்னலைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை.

ஜெபம் போராட்டத்தை மழுங்கடிக்கிறது, ஜனங்களை வானத்தைப் பார்க்க வைக்கிறது என்று நம் தோழர்கள் சொல்வதை நான் மதிக்கிறேன். அப்படி மழுங்கடிக்கிற ஜெபங்களும் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் 1994ஐ மறந்துவிடக் கூடாது. காரணை பஞ்சமி நிலத்தை மீட்கச் செங்கல்பட்டில் திரண்ட மக்கள்மீது அக்டோபர் 10ஆம் தேதி போலீஸ் சுட்டது. இறந்தவர்கள் இருவர்: ஜான் தாமஸ், ஏழுமலை. அந்த இரண்டு பெயர்களையும் சேர்த்து உச்சரித்துப் பாருங்கள். 1892இல் தர்க்காஸ்து போட்டவர்களின் வழிவந்தவர்கள் 102 வருடம் கழித்து அதே நிலத்தைக் கேட்டார்கள். 12 லட்சம் ஏக்கர் என்று நிலமீட்பு இயக்கங்கள் சொல்லும் கணக்கில் ஒரு துண்டு அது.

எங்கள் பக்கத்துச் சிற்றாலயம் ஒன்றில் வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்துக்கு வரும் பெண்கள் ஒரு நீளமான நோட்டு வைத்திருக்கிறார்கள். 'விண்ணப்ப நோட்டு' என்று அட்டையில் எழுதியிருக்கிறது. தேதி, பெயர், விண்ணப்பம், பதில் என்று நான்கு கட்டங்கள். கர்ப்பப்பை ஆபரேஷன், மகனின் குடி, கூட்டுறவுச் சங்கக் கடன், கல்லூரிச் சேர்க்கை என்று வாரா வாரம் எழுதுகிறார்கள். நிறைவேறியதற்கு நேரே 'ஸ்தோத்திரம்' என்று எழுதித் தேதி போடுகிறார்கள். பட்டா வேண்டி ஒரு விண்ணப்பம் பழைய நோட்டுகளிலிருந்து புது நோட்டுக்கு மாற்றி மாற்றி எழுதப்பட்டு வருகிறது. பதில் கட்டத்தில் ஸ்தோத்திரம் இல்லை. அதற்குப் பதிலாக, தாலுகா ஆபீசில் கொடுத்த மனுக்களின் எண்ணையும் தேதியையும், ஜமாபந்தியில் கொடுத்ததையும், கலெக்டரின் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கொடுத்ததையும் ஒன்றன்கீழ் ஒன்றாக யாரோ ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கையெழுத்தில் குறித்து வைத்திருக்கிறார்கள். கட்டம் நிறைந்துவிட்டதால் ஒரு துண்டுக் காகிதத்தைச் சோற்றுப் பசையால் ஒட்டி, அதில் தொடர்ந்து எழுதியிருக்கிறார்கள்.